இரண்டு சொம்பு தண்ணீருக்குப் பிறகும் மாறாத நிறம்

மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மருந்துக் கடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற பேச்சு இது: "ஒன்னுக்கு மஞ்சளா போவுதுங்க, எரியுது, எதுனா மாத்திரை குடுங்க." கடைக்காரர் ஒரு பாட்டில் சிரப்பும் மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக்கும் எடுத்து வைப்பார். காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனீர்கள் என்ற இரண்டு கேள்வியை யாரும் கேட்பதில்லை. நிறத்துக்கு அர்த்தம் கொடுப்பவை அந்த இரண்டும்தான்.

சிறுநீர் ஏன் மஞ்சள்? ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து சிதையும்போது அதிலுள்ள சிவப்புப் பொருள் உடைந்து பிலிரூபின் ஆகிறது. கல்லீரல் அதைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை யூரோபிலினோஜென் என்ற நிறமில்லாப் பொருளாக மாற்றுகின்றன. அதில் ஒரு பங்கு ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக யூரோபிலின் என்ற மஞ்சள் சாயமாக வெளியேறுகிறது. இந்தக் குடல் வேலையைச் செய்யும் நொதி எது என்று கண்டுபிடித்ததே 2024இல்தான். நமக்கு வேண்டிய விஷயம் இது: நல்ல உடம்பில் ஒரு நாளைக்கு வெளியேறும் சாயத்தின் அளவு பெரிதாக மாறுவதில்லை. அதைக் கரைக்கும் தண்ணீர்தான் கூடிக் குறைகிறது. ஒரே அளவு டிகாஷனில் பால் கூட்டியும் குறைத்தும் காபி கலக்குவது மாதிரி. அதனால்தான் வெளிர் மஞ்சளிலிருந்து அடர் மஞ்சள் வரைக்குமான எல்லா நிறமும் முதலில் தண்ணீர்க் கணக்கைத்தான் சொல்கின்றன, நோயை அல்ல.

பார்க்கும் விதத்திலேயே பலர் ஏமாறுகிறார்கள். வெஸ்டர்ன் கோப்பையில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது, நிறம் நீர்த்துவிடும். கழிவறை கழுவும் நீலத் திரவம் மிச்சமிருந்தால் பச்சையாகத் தெரியும். காட்டு வேலையில் மண்ணில் போனால் ஒன்றுமே தெரியாது. சரியான முறை எளிது. நிறமில்லாத கண்ணாடி டம்ளரோ பிளாஸ்டிக் கப்போ எடுங்கள். சோப்பு வாடை இல்லாமல் கழுவிக் காய வையுங்கள். முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதை அரை கப் பிடியுங்கள். பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம், கலங்கல், நுரையின் நிறம், அடியில் படிவது ஆகிய நான்கையும் பாருங்கள். வைத்திருந்து மாலையில் பார்ப்பது வீண். நேரமாக ஆகக் கிருமி பெருகும், யூரியா அம்மோனியாவாகி வாடை ஏறும், அணுக்கள் உடையும். ஆய்வகத்திலும் இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதே விதி.

சிறுநீரைப் பார்த்து நோயறியும் சித்த மருத்துவத்தின் நீர்க்குறி விதியும் இதையே சொல்கிறது. முந்தின நாள் அளவாகச் சாப்பிட்டு, நன்றாக உறங்கி, வைகறையில் விழும் நீரைக் கண்ணாடிக் கலசத்தில் பிடித்து, ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் நெய்க்குறியை வைத்து இன்றைய நோய்களை முடிவு செய்ய முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எப்போது பிடிப்பது, எதில் பிடிப்பது, எவ்வளவு நேரத்துக்குள் பார்ப்பது என்ற அந்த ஒழுங்கு அப்படியே செல்லும்.

இனி தண்ணீர்ச் சோதனை. அடர் மஞ்சளாகப் போனால் இரண்டு சொம்பு, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரை, ஒரே மூச்சில் இல்லாமல் ஒரு மணி நேரத்தில் பரவலாகக் குடியுங்கள். அடுத்த முறை வருவதில் பழைய சரக்கும் கலந்திருக்கும். அதற்கு அடுத்த முறை வருவதைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகிவிட்டால் உடம்பில் நீர் குறைந்திருந்தது, அவ்வளவுதான். நிறம் அசையவில்லை, பழுப்பாகவே நிற்கிறது என்றால் அது தண்ணீர்க் குறையால் வந்த நிறமல்ல. இதய பலவீனத்துக்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீர் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்கள் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

நம் ஊரில் "நிறையத் தண்ணி குடி" என்று சொல்வதோடு நிறுத்த முடியாது. எந்தத் தண்ணீர் என்பதும் கேள்விதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறை நிலத்தில் போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு கூடுதல். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை, பிறகு மூட்டு, முதுகெலும்பு இறுக்கம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததற்குக் காரணமே இதுதான், அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பு சேர்ந்திருக்கிறது. ஃப்ளோரைடு சிறுநீரின் நிறத்தை மாற்றாது. தண்ணீரின் நிறத்தையோ ருசியையோகூட மாற்றாது. காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாவதால் அதன் செறிவு இன்னும் ஏறத்தான் செய்யும். ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிக்கும் கூலியாளுக்கு, அந்த நான்கு லிட்டரும் வயல் மோட்டாரிலிருந்து வந்ததா, ஒகேனக்கல் குழாயிலிருந்து வந்ததா என்பது பெரிய வித்தியாசம். வேலைக்குப் போகும்போது வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு போவது இங்கே வெறும் வசதிக்காக அல்ல.

கிரானைட் குவாரியில், செங்கல் சூளையில், வெயிலேறிய தக்காளித் தோட்டத்தில் வேலை செய்யும்போது வியர்வையில் மணிக்கு ஒரு லிட்டர் போவது சாதாரணம். தாகம் எடுத்த பிறகு குடிப்பது பின்தங்கிய கணக்கு. 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், 200 முதல் 250 மில்லி, என்று குடிக்க வேண்டும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் கூடாது. உப்பில்லாத வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். உப்புப் போட்ட மோர், நீராகாரம், கரைத்த கேழ்வரகுக் கூழ் எல்லாம் இதற்கு நல்லவை. கேழ்வரகு விளையும் ஊரில் இதற்காகக் கலர் பானம் வாங்க வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் கூழ் போதாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. பாதிப் பொட்டலம் ஒரு டம்ளரில் என்று கண் மதிப்பில் கரைத்தால் உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்தாகும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

பெண்களின் கணக்கு வேறு. பேருந்தில் ஓசூர் கம்பெனிக்குப் போகிறவர்களும், கழிவறை சரியில்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும், காட்டு வேலைக்குப் போகிறவர்களும் ஒதுங்க இடமில்லை என்று தெரிந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. மஞ்சள் நிறம், நீர்க்கடுப்பு, அடிக்கடி கிருமித் தொற்று மூன்றும் சேர்ந்து வருவது இதனால்தான். அடக்கி வைத்தால் சிறுநீர்ப்பையில் கிருமிக்குப் பெருக நேரம் கிடைக்கிறது. இவர்களிடம் தண்ணீர் குடி என்று சொல்வது பாதி வைத்தியம்தான். மீதி அந்தப் பள்ளியும் கம்பெனியும் கட்ட வேண்டிய கழிவறை. கலங்கலாக, துர்நாற்றத்தோடு, எரிச்சலோடு போனால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுங்கள். இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டுக் கொடுத்தால் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவில் வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. அன்றைக்கே மருத்துவமனை.

கலங்கல் எல்லாமே சீழ் அல்ல. சாப்பாட்டுக்குப் பிறகு பாஸ்பேட் உப்பு படிந்தும் வெண்மையாகக் கலங்கும். சில துளி வினிகர் விட்டால் தெளிந்துவிடும். பால் போலவே தொடர்ந்து போனால் நிணநீர் கலந்திருக்கலாம், யானைக்கால் கிருமி அதற்கு ஒரு காரணம்.

டிகாஷன் நிறம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மஞ்சளுக்கு அவசரமில்லை, டிகாஷன் நிறத்துக்கு உண்டு.

வெயிலில் கடுமையாக வேலை செய்தவர், அல்லது வெகுநாள் கழித்துத் திடீரென்று உடம்பை வருத்தியவர், தொடையும் தோளும் கல் மாதிரி வலிக்கிறது, சிறுநீர் கோலா நிறத்தில் கொஞ்சமாகப் போகிறது என்றால், தசை உடைந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்திருக்கிறது. அது சிறுநீரகக் குழாய்களை அடைத்துக் கெடுக்கும். சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டைச் சோதனையில் "ரத்தம்" என்று காட்டும், நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு இருக்காது. இந்த முரண்தான் அடையாளம். வீட்டில் இளநீர் கொடுத்துப் பார்க்கும் நேரமல்ல. நரம்பு வழி திரவம் வேண்டும், பொட்டாசியம் பார்க்க வேண்டும், ஏனென்றால் தசையிலிருந்து வெளிவரும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தும். இதே ஆட்கள்தான் உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் ஊசியோ மாத்திரையோ வாங்குகிறார்கள். நீர் வற்றிய உடம்பில் இந்த வகை வலி மருந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கிறது. சிறுநீர் அடர்ந்திருக்கும் நாளில் வலி மாத்திரை வேண்டாம். இந்த ஒன்றையாவது வேலைக்கு ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரிகள் மனதில் வைத்தால் நன்றாக இருக்கும்.

கண்ணாடி விரியன் இன்னொன்று. நிலக்கடலை பிடுங்கும்போதோ வரப்பில் நடக்கும்போதோ காலில் ஏதோ பட்டது, முள்ளாக இருக்கும் என்று விட்டிருப்பார்கள். சில மணி நேரத்தில் கால் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும். விரியன் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் தாக்கும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்க அலையாதீர்கள். காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு, விஷ முறிவு ஊசி இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். அந்த 20 நிமிடத்தை "சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள்" என்று நினைத்து வேறு ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்காதீர்கள். அதன் பிறகு மணிக்கு எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று அளப்பார்கள். பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் குறையக் கூடாது, 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. பக்கத்தில் இருப்பவர்கள் பாட்டிலை ஊற்றிவிடாமல் வைத்திருந்தால் அதுவே பெரிய உதவி.

சிறுவர்களுக்கும் டிகாஷன் நிறம் வரும். தொண்டை வலி வந்து ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்தோ, சொறி சிரங்கு வந்து மூன்றிலிருந்து ஆறு வாரம் கழித்தோ, காலையில் கண் இமை வீங்கி, சிறுநீர் குறைந்து கறுத்துப் போனால், அது சிறுநீரக வடிகட்டியின் அழற்சி. பிள்ளைக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகக் குணமாவார்கள். அழுத்தம் ஏறி வலிப்பு வராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

காமாலை

காமாலையின் சிறுநீர் கடலை எண்ணெய் போலத் தொடங்கிப் பழுப்பாகும். பல பேருக்குக் கண் மஞ்சளாகும் முன்பே சிறுநீர் காட்டிவிடும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நுரையைப் பாருங்கள். கப்பை மூடி ஆட்டினால், நீர்க் குறைவால் அடர்ந்த சிறுநீரின் நுரை வெள்ளையாக இருக்கும், பிலிரூபின் கலந்ததன் நுரையே மஞ்சளாக இருக்கும். துணியில் மஞ்சள் கறை பிடிக்கும்.

அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். கீழாநெல்லிக்கு வந்த நல்ல பெயரில் பெரும் பங்கு இந்தத் தானே தணிதலுக்கு உரியது என்பது என் எண்ணம். பச்சிலை குடித்துவிட்டு ரத்தப் பரிசோதனையைத் தவிர்ப்பதுதான் தவறு. எலிக்காய்ச்சல், பித்தப்பைக் கல், மருந்தின் விளைவு, குடி எல்லாவற்றுக்கும் சிறுநீர் ஒரே மாதிரிதான் இருக்கும். சேற்று வயலில் நின்றவருக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, பிறகு காமாலை என்றால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஹெபடைடிஸ் ஈ கடைசி மூன்று மாதத்தில் தாக்கினால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கிறார்கள். யாராக இருந்தாலும் தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம், ரத்தக் கசிவு வந்தால் கல்லீரல் தோற்கிறது என்று பொருள்.

பிறந்த குழந்தைக்கு ஒரு தனி எச்சரிக்கை. பச்சைக் குழந்தையின் சிறுநீர் கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்க வேண்டும். 14 நாள் தாண்டியும் காமாலை போகவில்லை, துணியில் மஞ்சள் கறை விழுகிறது, மலம் சுண்ணாம்பு போலவோ வெளிறியோ இருக்கிறது என்றால் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் கூடுதல். "காலை வெயில்ல காட்டு, சரியாப் போயிடும்" என்று பாட்டி சொல்வது அன்பால்தான். ஆனால் இந்தக் குழந்தைக்கு வெயிலில் காட்டிக் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் கல்லீரலைக் கெடுக்கிறது. மலத்தின் நிறத்தைப் போனில் படமெடுத்துக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் சில நாளில் துணியில் செங்கல் தூள் போல விழும் கறை வேறு. அது யூரேட் உப்பு. பால் நன்றாகக் குடிக்கத் தொடங்கினால் போய்விடும். ஐந்தாறு நாளுக்குப் பிறகும் நின்றால் தாய்ப்பால் போதவில்லை என்று பொருள்.

சிவப்பு

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் இளஞ்சிவப்பாகும், இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. ஓரிரு நாளில் போய்விடும். காசநோய் மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசின் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றையும் ஆரஞ்சாக்கும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் அடர்ந்து பிறகு வெளிறும். இதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும். ஆனால் அதே மாத்திரை கல்லீரலையும் தாக்கலாம் என்பதால், சாப்பாடு வெறுத்து, வாந்தி வந்து, கண் வெள்ளை மஞ்சளானால் அன்றே சிகிச்சை மையத்தில் சொல்ல வேண்டும். ஆரஞ்சுக்குப் பயப்பட வேண்டாம், மஞ்சள் கண்ணுக்குப் பயப்படுங்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையால் வரும் பளீர் மஞ்சளுக்கும் பயமில்லை, அது அதிலுள்ள ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின்.

இவை எதுவும் இல்லாமல் சிவந்தால் ரத்தம். ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மில்லி ரத்தம் கலந்தாலே நிறம் மாறும், அதனால் நிறத்தை வைத்து எவ்வளவு போயிற்று என்று கணக்கிட முடியாது. டம்ளரில் அசையாமல் வைத்தால் சிவப்பணு அடியில் படிந்து மேலே தெளியும். மயோகுளோபின் என்றால் முழுதும் நிறமாகவே நிற்கும். தொடக்கத்தில் மட்டும் சிவப்பா, கடைசிச் சொட்டில் மட்டுமா, முழுக்கவா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடக்கம் என்றால் வெளிக்குழாய், கடைசி என்றால் பையின் கழுத்தும் அதன் அருகும், முழுக்க என்றால் பையோ அதற்கு மேலேயோ. விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலியோடு வந்தால் பெரும்பாலும் கல்.

வலிக்கிற ரத்தத்தைவிட வலிக்காத ரத்தம்தான் எனக்குக் கவலை. வலியிருந்தால் ஆள் தானாக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். 40 வயது தாண்டியவர், அதிலும் பீடி, சிகரெட் பிடித்தவர், ஒரே ஒரு முறை வலியில்லாமல் சிவப்பாகப் போய் மறுநாள் தெளிந்தாலும், சிறுநீர்ப்பைப் புற்று இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். அது அப்படித்தான் ஒரு நாள் வந்து, மாதக்கணக்கில் காணாமல் போகும். "சூடு புடிச்சிருந்தது, வெந்தயம் குடிச்சேன், நின்னுடுச்சி" என்ற வாக்கியத்தில் போகும் மாதங்கள் விலை மிகுந்தவை. ஸ்கேன் மட்டும் போதாமல் பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறவரும் மாத்திரை மேல் பழி போட்டுவிட்டு இருக்கக் கூடாது.

நிறமே இல்லாதது

தண்ணீர் போலவே எப்போதும் போகிறது, இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருக்கிறது என்றால் சர்க்கரை பாருங்கள். எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழக்கத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அது தாமதமான செய்தி. ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டிய பிறகுதான் சிறுநீரில் இறங்கும். டபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்கு ரத்தத்தில் அளவு சரியாக இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை போகும், மருந்தின் வேலையே அதுதான். சிறுநீரகம் கெடத் தொடங்கியவருக்கும் அடர்த்தி செய்யும் திறன் போய் வெளிறிய நீரே வரும். "நல்லா வெள்ளையா போவுது, கிட்னி நல்லா இருக்கு" என்ற நம்பிக்கை அங்கே தவறிவிடும்.

சிறுநீரக நோய் நெடுங்காலம் நிறத்தைத் தொடாமலே நடக்கிறது. வடிகட்டியில் ஓட்டை விழுந்து ஆல்புமின் என்ற புரதம் ஒழுகினால் நிறம் மாறாது, நுரைதான் கட்டும். வேகமாகப் போகும்போது எழும் நுரை உடனே அடங்கிவிடும். சோப்புத் தண்ணீர் போல நெடுநேரம் நின்றால் புரதமாக இருக்கலாம். கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு இந்த நுரையோடு தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் சேர்ந்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021இல் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலைச் சிறுநீரைக் கொடுத்துப் புரதமும், ரத்தம் கொடுத்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினும் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டையைச் சிறுநீரில் நனைத்து, ஓரத்தில் வழித்துவிட்டு, புரதக் கட்டத்தை 60 நொடியில் பார்ப்பார்கள். மஞ்சள் அப்படியே நின்றால் புரதம் பிடிபடவில்லை, பச்சையாகத் திரும்பினால் இருக்கிறது. காய்ச்சல், கடும் வேலை, கிருமித் தொற்று இருந்த நாளிலும் பச்சை காட்டும், அதனால் ஒரே சோதனையில் முடிவு செய்ய மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுங்கள், அப்போதும் பச்சை என்றால் ஆல்புமின், கிரியாட்டினின் விகிதத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று மாதம் தாண்டியும் ஒழுகினால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி, அதன் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. பட்டைச் சோதனைக்கு ஆகும் நேரம், சீட்டு வாங்கும் வரிசையைச் சேர்த்தாலும் ஒரு காலைப்பொழுதுதான்.